அம்மாவின் வேகத்தில் ஒரு கிரிவலம்

திருவண்ணாமலைக்கு இதற்கு முன் நான்கு முறை போயிருக்கிறேன், நான்கும் தனியாக. விடியற்காலை நாலு மணிக்குக் கிளம்பி, 14 கிலோமீட்டரையும் மூன்றேகால் மணி நேரத்தில் முடித்துவிட்டு, ரமணாசிரமத்துப் பழைய ஹாலில் ஒரு மணி நேரம் கண்ணை மூடி உட்கார்ந்துவிட்டு, மதிய பஸ்ஸைப் பிடித்தால் ஆறு மாதத்துக்குத் தாங்கும் என்பது என் கணக்கு. தாங்கியதில்லை. ஊருக்குப் போன மறுநாளே பிள்ளையிடம் கத்தியிருப்பேன்.

ஐந்தாம் முறை, "நானும் வர்றேன்டி" என்றாள் அம்மா. 68 வயசு, வலது முழங்காலில் தேய்மானம். ஆட்டோவில் சுற்றி வரலாமே என்றதற்கு, "அப்புறம் கிரிவலம் வந்தது ஆட்டோவா, நானா?" என்று கேட்டுவிட்டாள். சரி, பௌர்ணமிக் கூட்டம் மட்டும் வேண்டாம் என்று ஒரு சாதாரணப் புதன்கிழமையாகப் பார்த்துப் போனோம்.

ராஜகோபுரத்துக்கு எதிரே கற்பூரம் ஏற்றிவிட்டு வெறுங்காலோடு நடக்க ஆரம்பித்தோம். இந்திர லிங்கத்திலிருந்து அக்னி லிங்கம் போவதற்குள் எனக்குப் பொறுமை போய்விட்டது. வழியில் உட்கார்ந்திருக்கும் ஒவ்வொரு சாமியாரிடமும் அம்மா "சாப்ட்டீங்களா சாமி?" என்று கேட்கிறாள், கேட்டுவிட்டு நின்று பதிலும் வாங்குகிறாள். நடுவில் வீட்டிலிருந்து போன், மகன், ஜியோமெட்ரி பாக்ஸ் எங்கே என்று. எரிச்சலில் "அப்பாவைக் கேளு" என்று துண்டித்தேன். நான் மௌனமாக நடக்க வந்தவள், அதைக் கெடுக்கிறார்களே என்று கோபம். மௌனத்துக்காகக் கோபப்படுகிறேன் என்பது அப்போது உறைக்கவே இல்லை.

"நிறைமாத கர்ப்பிணி மாதிரி நடக்கணும்னு பெரியவங்க சொல்லுவாங்க, நீ என்னடி பஸ்ஸைத் தவறவிட்டவ மாதிரி ஓடறே?" என்றாள் பின்னாலிருந்து.

ஆசிரமத்தில் அம்மாவை உட்கார வைக்க இடம் தேடியபோது மாத்ருபூதேஸ்வரர் சன்னிதிதான் கண்ணில் பட்டது. நான்கு முறையும் பழைய ஹாலுக்குப் போகும் அவசரத்தில் ஒரு கும்பிடு போட்டுத் தாண்டிய இடம். இது யார் சன்னிதி என்று அம்மா கேட்டதால் சொல்ல வேண்டியதாயிற்று. 1896இல், 16 வயதில் வீட்டை விட்டு இங்கே வந்துவிட்டார் ரமணர். இரண்டு வருஷம் கழித்து அவருடைய அம்மா அழகம்மாள் தேடி வந்து, பவழக்குன்றில் அழுது பார்த்தும் பிள்ளை வாய் திறக்கவில்லை, நடப்பது நடந்தே தீரும், பேசாமல் இருப்பதே நல்லது என்கிற பொருளில் எழுதிக் காட்டினார், அவ்வளவுதான். அந்த அம்மா திரும்பிப் போய், 1916இல் மறுபடி வந்து மலையிலேயே தங்கிவிட்டார். அதுவரை பிச்சையெடுத்து வந்ததைப் பகிர்ந்து உண்டவர்களுக்கு, ஸ்கந்தாசிரமத்தில் அடுப்பு மூட்டிச் சமைத்துப் போட்டார். 1922 மே 19 அன்று அவர் உயிர் பிரியும்வரை, மகன் ஒரு கையை நெஞ்சிலும் மறு கையைத் தலையிலும் வைத்தபடி பக்கத்திலேயே இருந்தார். அடிவாரத்தில், இந்தச் சன்னிதி இருக்கும் இடத்தில்தான் சமாதி வைத்தார்கள். அதைப் பார்க்க அடிக்கடி இறங்கி வந்தவர், அந்த வருஷக் கடைசியில் இங்கேயே தங்கிவிட, அதைச் சுற்றித்தான் இந்த ஆசிரமமே வளர்ந்தது.

அம்மா சன்னிதியையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "அம்மாதானே அவரை மலையிலேர்ந்து கீழே இறக்கியிருக்கா!" பிறகு, "போன இடத்துலயும் அடுப்புதான், பாரு" என்று சிரித்தாள்.

பழைய ஹாலில் உட்கார்ந்து பத்து நிமிஷம்கூட ஆகவில்லை, பக்கத்தில் குறட்டை. எதிரே தியானத்தில் இருந்தவர் ஒரு கண்ணைத் திறந்து மூடினார். அம்மாவைத் தட்டி எழுப்பப் போன கை ஏனோ பாதியில் நின்றுவிட்டது. என் மூச்சைக் கவனிக்க வந்தவள் அன்றைக்கு முழுக்க அவள் மூச்சைத்தான் கவனித்தேன். உள்ளே போகும், ஒரு நொடி அப்படியே நிற்கும், புஸ்ஸென்று வெளியே வரும். நிற்கிற அந்த நொடியில் ஒவ்வொரு முறையும் எனக்குத் திக்கென்றது. வெளியே மயில் அகவியது, அம்மா விழித்துக்கொண்டு, "ஆச்சா?" என்றாள்.

அதற்கப்புறம் நான் மணி பார்க்கவில்லை. அம்மா உட்கார்ந்தால் உட்கார்ந்தேன். கிழக்கே ஒற்றை முகடாக நின்ற மலை நடக்க நடக்க இரண்டாக, மூன்றாகப் பிரிந்து தெரிந்தது, இத்தனை நாள் வந்தும் தரையைப் பார்த்தே நடந்திருக்கிறேன். இடுக்குப் பிள்ளையார் கோயிலின் குறுகிய வழிக்குள் அம்மா ஒருக்களித்துப் படுத்து, "பிள்ளையாரப்பா" என்று ஊர்ந்து மறுபக்கம் வந்துவிட்டாள். பின்னால் போன நான்தான் தோள்பையோடு மாட்டிக்கொண்டு திண்டாடினேன்.

ஈசானிய லிங்கத்தை அடைந்தபோது நன்றாக இருட்டிவிட்டது. பாதம் சுருக்கென்கிறது என்று அம்மா திண்ணையில் உட்கார, காலை என் மடியில் வைத்து போன் வெளிச்சத்தில் பார்த்தேன், குதிகால் வெடிப்புக்குள் சின்னதாக ஒரு கல். அந்த நேரம் பார்த்து அதே போனில் மகன். பாக்ஸ் கிடைத்துவிட்டதாம், பாட்டி முழுக்க நடந்தார்களா என்று கேட்டான். ஸ்பீக்கரைப் போட்டு அம்மாவிடம் கொடுத்தேன். அவள் இடுக்குப் பிள்ளையாரிலிருந்து ஆரம்பித்தாள். வெளிச்சம் போனோடு போய்விட்டதால், நான் விரலால் தடவித் தடவி அந்தக் கல்லைத் தேடிக்கொண்டிருந்தேன்.