அக்காவின் பெரிய நோன்பு

"கத்தியைக் கீழ வைங்க சித்தி!"

ஹரி போட்ட சத்தத்தில் பக்கத்து மேசைக்காரர் கண்ணாடியை உயர்த்தி என்னைப் பார்த்தார். நான் குத்தப் போனது ஒரு கின்காலியை. அதற்கே ஜார்ஜியாவின் தலைநகரம் திபிலீசியில் குற்றப்பத்திரிகை வாசிக்கிறார்கள். மாவைத் தேய்த்து, நடுவில் கறியை வைத்து, சுற்றிலும் மடித்து மடித்து மேலே கொண்டை போட்டு வேகவைத்திருக்கிறார்கள். வேகும்போது கறியின் சாறு உள்ளேயே நின்றுவிடுகிறது. கொண்டையைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கி, ஓரத்தில் ஒரு சின்னக் கடி கடித்து, முதலில் சாற்றை உறிஞ்சிவிட்டுத்தான் மிச்சத்தைத் தின்ன வேண்டுமாம். கத்தி பட்டால் சாறு தட்டோடு போச்சு. கொண்டையைத் தின்னக் கூடாது, தட்டிலேயே வைத்துவிட வேண்டும். யார் எத்தனை தின்றார்கள் என்பதற்கு அதுதான் கணக்கு.

இந்தப் பாடத்தை எடுத்தது யார்? நம்ம ஹரி. கருவேப்பிலைக்கு ஒரு தட்டு, கடுகுக்கு ஒரு தட்டு என்று பொறுக்கி வைத்துவிட்டு, தயிர்சாதத்தைச் சாமிக்குப் படைப்பதுபோல் அரைமணி நேரம் முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பானே, அதே ஹரி. கொத்தமல்லி வாசம் பிடிக்காது என்று ரசத்தை ஜன்னலுக்கு வெளியே ஊற்றியவன், மருத்துவம் படிக்கப் போன ஊரில் பச்சைக் கொத்தமல்லியைக் கட்டுக்கட்டாகக் கடிக்கிறான். "ஜார்ஜியச் சமையலுக்கே இதுதான் சித்தி உயிர்" என்று என்னிடமே சொல்கிறான். அக்கா என்னைப் பார்த்தாள். நான் கின்காலியைப் பார்த்தேன்.

அத்தான் வழக்கம்போல விலைப்பட்டியலை மட்டும் படித்துக்கொண்டிருந்தார். அந்த ஊர்க் காசான லாரியை ரூபாயாக்கி, ரூபாயைப் பாளையங்கோட்டை ஓட்டல் விலையோடு ஒப்பிட்டு, பெருமூச்சு விட்டு, அடுத்த வரிக்குப் போவார். ஒரு லாரி முப்பதுச் சொச்சம் ரூபாய். உருளைக்கிழங்கு வைத்த கின்காலி இரண்டே இரண்டு போதும் என்றார். ஒரு வகையில் 5க்குக் குறைந்து தரமாட்டார்களாம். "இட்லியே ஒத்த இட்லி தாரான். இங்க என்னலே மொத்த வியாபாரமா இருக்கு?" என்றவர், தாகத்துக்கு போர்ஜோமி வாங்கி ஒரு மிடறு விழுங்கிவிட்டு, டம்ளரை உப்புப் போட்டுக் கழுவியிருக்கிறார்கள் என்று அறிவித்தார். மலையடி ஊற்றிலிருந்து வரும் தண்ணீர், இயற்கையாகவே அப்படித்தான் கரிக்கும், ரஷ்யாக்காரன் 2006இல் ஜார்ஜிய ஒயினையும் இந்தத் தண்ணீரையும் உள்ளே விடாமல் தடுத்தபோது பெரிய ரகளையே ஆனது என்றெல்லாம் ஹரி எடுத்துச் சொன்னான். "தடுத்தவன் குடிச்சுப் பாத்திருப்பான்" என்றார் அத்தான். அன்று இரவு வாயுத் தொல்லை இல்லாமல் தூங்கினார். மறுநாளிலிருந்து போர்ஜோமியைத் தவிர வேறு தண்ணீர் தொடவில்லை. அந்த ஏப்பச் சத்தத்தைப் பற்றித் தனியாக ஒரு பதிவு எழுத வேண்டும்.

சரி, அக்கா கதைக்கு வருகிறேன்.

அக்காவின் சைவம் எப்பேர்ப்பட்டது என்று உங்களுக்குத் தெரியும். நான் கல்யாணத்துக்கு அப்புறம் கெட்டுப்போனவள். அவளோ கேக்கில் முட்டை இருக்கும் என்று பேரன் பேத்தி வயசுப் பிள்ளைகளின் பிறந்தநாளுக்கே போகமாட்டாள். புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, வத்தல் என்று பெட்டி நிறையக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். அதையெல்லாம் ஹரியின் அறைத் தோழர்கள் வந்த அன்றே முடித்துவிட்டார்கள். வேறு வழியில்லாமல்தான் இந்தக் கடைக்கு வந்தோம். சபுர்தாலோவில் ஹரி வீட்டுக்குப் பின்னால், படியிறங்கிப் போகிற நிலவறைக் கடை. நடத்துவது ஒரு பெரியம்மா. நடையிலேயே அதிகாரம். ஹரியைக் கண்டதும் கன்னத்தைக் கிள்ளினாள். அக்காவுக்கு அதுவே பிடிக்கவில்லை.

அங்கே போய், கறி கிடையாது, மீன் கிடையாது, முட்டை கிடையாது என்று ஒவ்வொன்றாகச் சொன்னால், "சரி, கோழி?" என்று கேட்பார்களாம். ஹரி அதற்கு ஒரு குறுக்கு வழி வைத்திருந்தான். நாங்கள் போனது ஈஸ்டருக்கு முந்தைய பெரிய நோன்புக் காலம். அப்போது பக்தியுள்ள ஜார்ஜியர்கள் உயிரினத்திலிருந்து வருகிற எதையும் தொடமாட்டார்கள். அதற்கென்று கடைகளில் தனிப் பட்டியலே உண்டு. 'சமர்ஹ்வோ' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஹரி அம்மாவைக் கைகாட்டி அந்த வார்த்தையைச் சொன்னான்.

பெரியம்மாவின் முகம் மாறிவிட்டது. அக்கா நெற்றியில் இருந்த திருநீற்றைப் பார்த்தாள். கோயிலில் கொடுத்ததா என்று ஹரியிடம் கேட்டாள். ஆமாம் என்றான். பொய் இல்லையே, நெல்லையப்பர் கோயில் திருநீறுதான். பெரியம்மா நெஞ்சில் சிலுவைக்குறி போட்டுக்கொண்டு அக்காவின் தோளைத் தொட்டாள். அப்புறம் உள்ளே போனவள் தட்டுதட்டாகக் கொண்டுவர ஆரம்பித்தாள்.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கீரையையும் பீட்ரூட்டையும் தனித்தனியே வேகவைத்துப் பிழிந்து, வால்நட்டும் பூண்டும் கொத்தமல்லியும் அரைத்துச் சேர்த்து உருட்டி, மேலே மாதுளை முத்து பதித்து வைக்கிறார்கள், அது ப்காலி. கத்தரிக்காயை நீளவாக்கில் சீவி வாட்டி, அதே வால்நட் விழுதைத் தடவிச் சுருட்டினால் பட்ரிஜானி. மண்சட்டியில் கொதிக்கக் கொதிக்க லோபியோ, அதாவது சிவப்புக் காராமணியின் பெரியண்ணன் மாதிரி இருக்கிற பீன்ஸ். ஹரி ஊரில் ராஜ்மா என்றாலே வயிற்றுவலி என்று படுத்துக்கொள்வான். இங்கே சட்டியை மக்காச்சோள ரொட்டியால் வழித்தான். தொட்டுக்கொள்ள ஜோன்ஜோலி என்று ஒன்று. ஏதோ காட்டுப் புதரின் மொட்டைக் கொத்தோடு பறித்து ஊறுகாய் போட்டது. புளிப்பு என்றால் அப்படி ஒரு புளிப்பு. புளிக்காய்ச்சல் தீர்ந்த துக்கம் அக்காவுக்கு அதோடு போயிற்று.

அக்கா எதையும் கண்ணை மூடித்தான் ருசி பார்ப்பாள். லோபியோவை வாயில் வைத்துவிட்டு, "வெந்தயம் போட்டிருக்கா" என்றாள். இல்லை, அது இங்கே விளைகிற வேறு செடி என்று ஹரி ஆரம்பித்தான். "வெந்தயம்லே." பெரியம்மாவை வரவழைத்துக் கேட்டால், நீலப்பூ பூக்கிற வெந்தயமாம், நம் வெந்தயத்துக்குச் சொந்தம்தான். பக்கத்திலேயே மஞ்சளாக ஒரு பொடியும் காட்டினாள். கேந்திப்பூ! காயவைத்து இடித்துக் குழம்பில் போடுகிறார்கள். சாமி படத்துக்குச் சாத்துகிற பூவைச் சட்டியில் போடுவதா என்று அக்கா ஒரு நிமிஷம் திகைத்தாள். அப்புறம் ஒரு சிட்டிகை தா என்று சைகையால் கேட்டு வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். இரண்டு பேருக்கும் பொது மொழி ஒன்றும் கிடையாது. அக்கா திருநெல்வேலித் தமிழில் கேட்கிறாள், அவள் ஜார்ஜிய மொழியில் பதில் சொல்கிறாள். நடுவில் மொழிபெயர்க்கப் போன ஹரியை இரண்டு பேருமே சும்மா இரு என்றுவிட்டார்கள்.

இதற்கிடையில் அத்தான் கைபேசியில் ஒரு செய்தி கண்டுபிடித்திருந்தார். திபிலீசியில் ஒரு பொருளாதாரக் கல்லூரி காச்சாபுரிக் குறியீடு என்று ஒன்று போடுகிறதாம். ஒரு சீஸ் ரொட்டியை வீட்டில் செய்ய என்ன செலவாகிறது என்று கணக்குப் பார்த்து விலைவாசியை அளக்கிறார்கள். வங்கியில் முப்பது வருஷம் உட்கார்ந்த மனிதருக்கு வேறென்ன வேண்டும்? சேர்க்கிற சாமான்களைச் சத்தமாகவே படித்தார். "மாவு, சீஸ், வெண்ணெய், பால், ஈஸ்ட்..." அடுத்ததைப் படிக்குமுன் மேசைக்கடியில் ஹரி அவர் காலை மிதித்தான். "இந்தக் கடையில அது போடமாட்டாங்கப்பா, நான் கேட்டாச்சு" என்றான், விட்டத்தைப் பார்த்துக்கொண்டு. அக்கா என் பதிவுகளைப் படிப்பதில்லை. அத்தான் படிப்பார், ஆனால் வாயைத் திறக்கமாட்டார்.

வினை காச்சாபுரியில்தான் வந்தது. எனக்காகச் சொன்ன ரொட்டி வந்து இறங்கியது. வட்டமாக, மேலே வெண்ணெய் மினுங்க, பிய்த்தால் சீஸ் கயிறாக நீளுகிறது. அக்கா எட்டி ஒரு துண்டைப் பிய்த்தாள். பிய்த்த கையோடு, மோர் கிடைக்குமா, இல்லை தயிராவது கிடைக்குமா என்றும் ஹரியைக் கேட்கச் சொன்னாள்.

பெரியம்மா நின்ற இடத்திலேயே நின்றாள். இந்த நோன்பில் பால், தயிர், வெண்ணெய், சீஸ் எதுவுமே ஆகாது. பதினைந்து நிமிஷமாகத் தான் கும்பிட்ட பக்தை கண்ணெதிரே நோன்பை முறிக்கப் போகிறாள். அந்த முகத்தில் கோபம் இல்லை, வருத்தம்தான் இருந்தது. ஹரி விஷயத்தை அம்மாவின் காதில் சொன்னான். நம்முடைய சைவம் வேறு, இவர்களுடையது வேறு, நான் விளக்கிவிடுகிறேன், நீ சாப்பிடு என்றான்.

அக்கா துண்டை என் தட்டில் போட்டாள். "இவளுக்குத்தான் பிச்சேன்னு சொல்லு" என்றாள்.

அவ்வளவுதான். அன்றிலிருந்து பாளையங்கோட்டை சைவ வேளாளர் வீட்டுப் பெண் ஒருத்தி ஜார்ஜிய ஆர்த்தடாக்ஸ் திருச்சபையின் பெரிய நோன்பைப் பிடிக்கலானாள். மோர் ஊற்றாமல் கையலம்பினால் சாப்பிட்டதாகவே கணக்கில்லை என்பவள், அந்தக் கடைக்குள் தயிர் என்ற வார்த்தையைக்கூட உச்சரிக்கவில்லை. தினமும் அதே கடைதான். வேறு கடைக்குப் போகலாம் என்றால், "அந்தம்மா தேடுவா" என்பாள். நோன்பிருப்பவளுக்கு ஜோன்ஜோலி இலவசம், காளான் இலவசம், தோளில் தட்டிக்கொடுப்பு இலவசம். நோன்பில் கறி தின்கிற எனக்கு கின்காலித் தட்டு டங்கென்று மேசையில் விழும். பில்லில் கடைசியாகச் சேவைக் கட்டணம் என்று ஒன்று ஏற்றுகிறார்கள். அத்தான் தினமும் அதை எதிர்த்தார். எனக்கு அந்த டங்குக்கும் சேர்த்தா கட்டணம் என்று கேட்கத் தோன்றியது.

வீட்டுக்கு வந்தால் நோன்பு கிடையாது. மாத்சோனி என்கிற அவர்கள் ஊர்த் தயிரை டப்பாவோடு வைத்துக்கொண்டு சாப்பிடுவாள். அதை வாங்கத்தான் ஒரு சாயங்காலம் முக்குக் கடைக்குப் போனோம். அக்காவின் கையில் இரண்டு டப்பா. திரும்பினால் எதிரே பெரியம்மா, கையில் கூடையோடு. என் அக்காவுக்கு அந்த வேகம் உண்டு என்று எனக்கு இத்தனை வருஷமாகத் தெரியாது. கண்மூடித் திறப்பதற்குள் இரண்டு டப்பாவும் அத்தானின் கையில் இருந்தன. பெரியம்மா அத்தானை மேலும் கீழும் பார்த்தாள். அப்புறம் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் ஏதோ சொன்னாள். இப்படி ஒரு புருஷனோடு எப்படிக் காலம் தள்ளுகிறாய் என்பதாக இருக்கலாம். அக்கா கண்ணைத் தாழ்த்தித் தலையசைத்தாள். அத்தான் தயிரைப் பிடித்தபடி நின்றார்.

அந்தக் கடை ஜன்னலில் ஒரு தட்டில் கோதுமையை முளைக்கப் போட்டிருந்தார்கள். முதல் நாள் மண்ணுக்குமேல் ஊசிமுனை அளவுக்குத்தான் பச்சை தெரிந்தது. ஈஸ்டருக்காக வளர்க்கிறார்கள், ஜெஜிலி என்று பெயர். அக்காவுக்கு அது முளைப்பாரி. வேறு விளக்கம் எதையும் அவள் கேட்கத் தயாராக இல்லை. தினமும் போனதும் முதல் வேலையாக அதற்குத் தண்ணீர் தெளிப்பாள். பெரியம்மாவும் விட்டாள். நாங்கள் கிளம்பிய அன்று பயிர் விரல் உயரம் வந்திருந்தது. பெரியம்மா ஹரியை இழுத்து நிறுத்தி, இவன் ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை, பரீட்சை நேரத்தில் காப்பி மட்டும் குடிக்கிறான் என்று கையாலேயே புகார் சொன்னாள். அக்காவுக்கு அது முழுக்கப் புரிந்தது. "ரெண்டு போடுங்க" என்றாள். பெரியம்மா உடனே அவன் முதுகில் ஒன்று போட்டாள்.

விமானத்தில் அக்கா அழுதாள். மகனைப் பிரிந்ததற்காகத்தான் இருக்கும்.

இன்று காலை நான் அக்கா வீட்டில் இருந்தபோது ஹரியின் காணொளி அழைப்பு வந்தது. நேற்று அங்கே ஈஸ்டர். பெரியம்மா முக்கியமாக ஒன்று சொல்லச் சொன்னாளாம்: நோன்பு முடிந்துவிட்டது, அம்மாவை இனிமேல் சீஸ் சாப்பிடச் சொல். அக்கா கையில் ஒரு செம்பு மோர் இருந்தது. அதைக் கேமராவுக்கு எட்டாமல் கீழே வைத்துவிட்டு, "இன்னைக்குதான் எடுக்கப்போறேன்னு சொல்லு" என்றாள்.

கூடவே ஒரு படமும் அனுப்பியிருந்தான். அவள் தண்ணீர் தெளித்த அதே தட்டு. பயிர் சாண் உயரத்துக்கு நிற்கிறது. ஈஸ்டரன்று அதில் எதை வைப்பார்கள் என்று தெரிந்ததால் நான் அத்தானைப் பார்த்தேன். அவர் அவசரமாகச் செய்தித்தாளை விரித்தார். அக்கா படத்தை விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"ஏலே ஹரி, முளைப்பாரி நடுவுல எதுக்குலே தக்காளிய வச்சிருக்கா?"

கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை.

"அது அவங்க வழக்கம்மா" என்றான் ஹரி.

"நல்லாத்தான் பழுத்திருக்கு" என்றாள் அக்கா.