நீங்கள் இல்லாவிட்டால் யார்?

“நீங்கள் இந்த வீட்டில் இல்லாவிட்டால் இவரை யார் குளிக்க வார்ப்பார்கள்?” என்று இலண்டனில் எங்கள் வீட்டுக்கு வந்த கவுன்சில் (உள்ளூராட்சி மன்றம்) சமூகப் பணியாளர் என் மாமியைக் காட்டிக் கேட்டபோது எனக்குச் சுருக்கென்றது. மருமகள் குத்துக்கல்லாக முன்னால் நிற்கும்போது யாழ்ப்பாணத்தில் ஒருவரும் இப்படிக் கேட்கமாட்டார்கள்.

அவர் பொறுமையாக விளக்கிய பிறகுதான் விடயம் புரிந்தது. இங்கிலாந்தின் 2014ஆம் ஆண்டுப் பராமரிப்புச் சட்டப்படி முதியவரின் தேவையை மதிப்பிடும் கடமை கவுன்சிலுக்கு உரியது. வீட்டார் செய்யும் உதவியை ஒருபுறம் ஒதுக்கிவிட்டு, உண்பது, உடுப்பது, உடம்பைத் துப்புரவாக வைத்திருப்பது, கழிப்பறைக்குப் போவது, வீட்டுக்குள் பயமின்றி நடமாடுவது என்று தொடரும் 10 விடயங்களில் நோயாலோ உடற்குறையாலோ இரண்டையேனும் செய்ய இயலாமல், அதனால் வாழ்வு பெரிதும் பாதிக்கப்படுகிறதா என்றுதான் முதலில் பார்க்கிறார்கள். பிள்ளைகள் செய்வது எவ்வளவு என்பது அதன் பிறகு வருகிற கணக்கு. (கட்டணம் வேறு கதை, சேமிப்பு 23,250 பவுணுக்கு மேல் இருந்தால் பொதுவாக முழுச் செலவும் நம்முடையதே.)

ஆனால், மாமி இயலாமையைக் காட்டினால்தானே! அன்று விடியவே முழுகி, நல்ல சேலை உடுத்து, பொல்லைக் கதவுக்குப் பின்னால் ஒளித்துவிட்டு, “எனக்கென்ன பிள்ளை குறை? எல்லாம் நானே செய்வன்” என்று சொல்லிக்கொண்டு தேநீர் போட எழுந்துவிட்டார். ஒரு கையால் குளிர்சாதனப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் கேத்திலைத் தூக்க முயன்று, பாதியில் வைத்துவிட்டு, முழங்கால் உளைவு தெரியாதபடி சிரித்தார். வந்தவர் அதைக் கவனித்தார். மிகுந்த வலியோடோ, வழக்கத்தைவிட மிக நீண்ட நேரமெடுத்தோ ஒன்றைச் செய்து முடித்தாலும், அதைச் ‘செய்ய இயலாதது’ என்றே விதிகள் கொள்கின்றன என்றார். அந்த ஒரு வரிக்காகவே இந்தச் சட்டத்தை எழுதியவர்களைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

எங்கள் இலங்கையிலும் 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம், பெற்றோரைப் பராமரிப்பது பிள்ளைகளின் கடமை என்கிறது. பிள்ளைகளோ கனடாவிலும் சுவிசிலும் இருக்கிறார்கள். கைதடி முதியோர் இல்லத்தைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கும்.

இங்கிலாந்தின் ஒழுங்கெல்லாம் எனக்குப் பழகிவிட்டது என்றுதான் எல்லோருக்கும் சொல்கிறேன். என்றாலும் அந்த மதிப்பீட்டுப் படிவத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது மனம் யாழ்ப்பாணத்துக் கொக்குவிலுக்கே போய்விட்டது. அப்பு பாயில் விழுந்த காலத்தில், காலையில் அவர் செருமும் சத்தம் கேட்காவிட்டால் வேலிக்கு அப்பால் இருந்து, “என்ன, அப்பு எழும்பேல்லையோ?” என்று குரல் வரும், கஞ்சியும் பின்னாலேயே வரும். யாரும் அவரிடம் கேள்வி கேட்கவில்லை, அவரும் எதையும் ஒளிக்கவேண்டி இருக்கவில்லை.

இங்கு கேட்டால்தான் தெரியும், சொன்னால்தான் கிடைக்கும். ஆகவே மதிப்பீட்டுக்குக் காத்திருக்கும் நம்மவர்கள், பெரியவர் இரவில் எப்படி எழும்புகிறார், படியில் எங்கே நின்று மூச்சு வாங்குகிறார் என்பதை முன்கூட்டியே எழுதி வையுங்கள். வீட்டார் அல்லாத மொழிபெயர்ப்பாளரையும் கேளுங்கள். கழிப்பறைச் சங்கடத்தை மாமி என் முன்னால் கடைசிவரை சொல்லவில்லை. நான் அடுக்களைக்குப் போன பிறகு, தொலைபேசியில் இருந்த முகம் தெரியாத மொழிபெயர்ப்பாளப் பெண்ணிடம் எல்லாவற்றையும் சொன்னார்.