மலாக்காவில் கடல் எங்கே?

மலேசியாவில் இருக்கும் மலாக்கா போகிறவர்களுக்கு ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அங்கே கடலைத் தேடித்தான் பார்க்க வேண்டும். ஒரு காலத்தில் கோட்டை மதிலை ஒட்டி அலையடித்த ஊர்தான், ஆனால் கடலைத் தூர்த்துத் தூர்த்து மால், ஓட்டல், அடுக்குமாடி என்று கட்டித் தள்ளிவிட்டார்கள். 2006-இல் சுழலும் கோபுரம் ஒன்றுக்கு அஸ்திவாரம் தோண்டும்போது பழைய கோட்டைக் கொத்தளமே மண்ணுக்குள்ளிருந்து வெளிப்பட்டது. கோபுரத்தை வேறு இடத்துக்கு மாற்றினார்கள். நல்லவேளை.

அதனால் முதலில் செயின்ட் பால் குன்றில் ஏறிவிடுங்கள். மேலே 1521-இல் போர்த்துக்கீசியர் கட்டிய தேவாலயம், கூரையில்லாமல் வெறும் சுவராக நிற்கிறது. உள்ளே டச்சுக் காலத்துக் கல்லறைக் கற்களைச் சுவரில் வரிசையாகச் சாய்த்து வைத்திருக்கிறார்கள். பெரிய பெரிய பலகைக் கற்கள், சிலவற்றில் மண்டையோடும் எலும்பும் செதுக்கியிருக்கிறது. அந்த எழுத்துகளை விரலால் தடவிப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றேன். கோவாவுக்குக் கொண்டுபோகுமுன் கிறித்தவப் புனிதர் பிரான்சிஸ் சேவியரின் உடலைப் புதைத்து வைத்திருந்ததும் இங்கேதான்.

அடிவாரத்தில் கோட்டையின் வாசல் ஒன்று மட்டும் மிச்சம். கட்டியது போர்த்துக்கீசியர், மேலே இருப்பதோ டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிச் சின்னமும் 1670 என்ற ஆண்டும், மீதிக் கோட்டையை இடித்தது பிரிட்டிஷ்காரர். ஒரே வாசலில் மூன்று பேர் கதையும் முடிந்துவிடுகிறது.

ஆற்றோரம் 'ஃப்ளோர் டி லா மார்' கப்பலின் மாதிரிதான் கடல்சார் அருங்காட்சியகம். 1511-இல் போர்த்துக்கீசியத் தளபதி அல்புகெர்க் மலாக்காவைப் பிடித்துக் கொள்ளையடித்ததை ஏற்றிக்கொண்டு கிளம்பிய கப்பல் அது, சுமத்ரா பக்கம் மூழ்கிப்போனது. கொள்ளைபோன ஊரே அந்தக் கப்பலைக் கட்டி வைத்து டிக்கெட் போடுகிறது! எனக்கு இது பிடித்திருந்தது.

ஆனால் துறைமுகம் உண்மையில் எங்கே இருக்கிறது என்றால், ஆற்றுக்கு அந்தப் பக்கத் தெருக்களில்தான். சீனக் கப்பல்கள் வடகிழக்குப் பருவக்காற்றில் வந்து தென்மேற்குப் பருவக்காற்றில் ஊர் திரும்பும், நம் பக்கத்துக் கப்பல்கள் ஊர் திரும்ப வடகிழக்குக் காற்று வேண்டும், ஆக எல்லோரும் காற்று மாறும்வரை மாதக்கணக்கில் இங்கே கிடந்தாக வேண்டும். காத்திருந்தவர்களில் பலர் இங்கேயே கல்யாணம் முடித்துத் தங்கிவிட்டார்கள். சுல்தான்கள் வணிகர்களுக்கு நான்கு ஷாபந்தர்களை, அதாவது துறைமுக அதிகாரிகளை, வைத்திருந்தார்கள், தென்னிந்திய வணிகர்களும் ஒரு ஷாபந்தரின் பொறுப்பில் இருந்தார்கள்.

அப்படித் தங்கியவர்களின் வழிவந்தவர்கள்தான் மலாக்கா செட்டிகள். வீட்டில் பேசுவது மலாய், பெண்கள் உடுத்துவது கெபாயா என்ற மலாய் மேற்சட்டை, கும்பிடுவது மாரியம்மனை, கொண்டாடுவது பொங்கல். 1781-இல் அவர்கள் கட்டிய பொய்யாத விநாயகர் கோயில், கம்போங் கிளிங் பள்ளிவாசலுக்கும் செங் ஹூன் தெங் சீனக் கோயிலுக்கும் பக்கத்திலேயே இருக்கிறது. மூன்றையும் நடந்தே பார்த்துவிடலாம். பள்ளிவாசலின் மினார் சீனப் பகோடா போல இருக்கும், தவறவிடாதீர்கள்.

அப்புறம், ஹலோ கிட்டி பொம்மை கட்டிப் பாட்டை அலறவிட்டுக்கொண்டு போகும் ரிக்‌ஷாக்கள் எங்கும் உண்டு. குழந்தைகள் விடமாட்டார்கள், ஏறுமுன் வாடகையைப் பேசிவிடுங்கள். ஜோங்கர் தெரு இரவுச் சந்தை வார இறுதியில்தான், கூட்டத்தில் நகரக்கூட முடியாது. அதற்கு ஒதுக்கும் நேரத்தில் பாதியையாவது காஜா பெராங் பக்கம் செட்டிகள் குடியிருப்புக்குக் கொடுங்கள், அவர்களுடைய சின்ன அருங்காட்சியகமும் அங்கேதான் இருக்கிறது.