பிளோட் பின் மாற்றியும் நிற்காத பெட்ரோல்: பழைய ஸ்ப்ளெண்டரில் ஓவர்ஃப்ளோ வேலை

சித்தப்பா ஓட்டிக்கொண்டிருந்த 2006 மாடல் ஸ்ப்ளெண்டர் பிளஸ் இப்போது என்னிடம் இருக்கிறது. நெடுநாள் ஓடாமல் நின்ற வண்டி. பேட்டரி மாற்றி, டேங்கில் கிடந்த பழைய பெட்ரோலை இறக்கிவிட்டுப் புதிது ஊற்றியதும் ஸ்டார்ட் ஆகிவிட்டது. ஆனால் டேங்கின் அடியில் உள்ள பெட்ரோல் டேப்பைத் திறந்த கொஞ்ச நேரத்திலேயே கார்பரேட்டர் அடியில் தொங்கும் மெல்லிய டியூப் வழியாகப் பெட்ரோல் இறங்க ஆரம்பித்தது. சொட்டுச் சொட்டாகக்கூட இல்லை, விடாமல் ஒழுகியது. ஓட்டினால் பிளக் கரி பிடித்துப்போகும், ஸ்லோ ஸ்பீடு நிற்காது, சிக்னலில் நின்றால் பக்கத்தில் இருப்பவர் மூக்கைப் பொத்துவார். யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான்: “பிளோட் பின் போச்சு, மாத்திடு.” பாதி சரியான பதில். மீதிப் பாதிக்குத்தான் இந்தப் பதிவு.

முதலில் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தால்தான் எதைத் தேடுகிறோம் என்பது புரியும். டேங்கிலிருந்து பெட்ரோல் தானாகவே கீழே வருகிறது, இந்த வண்டியில் பம்ப் எதுவும் கிடையாது. கார்பரேட்டரின் அடிக் கப்பில் அது நிறைய நிறைய பிளோட் மேலே எழும்பி, தன் நாக்கால் ஒரு சின்ன ஊசியை (அதுதான் பிளோட் பின்) பித்தளை சீட்டில் அழுத்தி வழியை அடைக்கும். அடைக்காவிட்டால் பெட்ரோல் மட்டம் ஏறிக்கொண்டே போய் இன்ஜினுக்குள் போய்விடும் என்பதால், கப்பின் நடுவே ஒரு பித்தளைக் குழாயை நிறுத்தியிருப்பார்கள். மட்டம் அதன் வாயைத் தாண்டினால் உபரி பெட்ரோல் அந்தக் குழாய் வழியாக வெளியே போய்விடும். நாம் பார்க்கும் ஒழுகல் அதுதான்.

இங்கே ஒரு சங்கதி இருக்கிறது. இந்த மாதிரி கார்பரேட்டரில் கப்பின் அடியில் உள்ள ஒரே மூக்கு வழியாகத்தான் மூன்று வகை ஒழுகலும் வெளியே வரும். பின் அடைக்காமல் மட்டம் ஏறினாலும் அங்கேதான் வரும், டிரெயின் ஸ்க்ரூ (கப்பில் இருப்பதை வடிக்கத் திறக்கும் திருகு) சரியாக உட்காரவில்லை என்றாலும் அங்கேதான், அந்தப் பித்தளைக் குழாயிலேயே விரிசல் இருந்தாலும் அங்கேதான். வெளியிலிருந்து பார்த்தால் மூன்றுக்கும் வித்தியாசம் தெரியாது. பின்னை மட்டும் மாற்றி மாற்றிக் காசைக் கரைப்பவர்கள் பெரும்பாலும் இங்கேதான் மாட்டுகிறார்கள். (கப் ஓரமாக, கார்பரேட்டர் உடம்பும் கப்பும் சேரும் கோட்டில் கசிந்தால் அது ஓரிங், அதாவது இடையில் இருக்கும் ரப்பர் வளையம். அதைத் தனியாக அடையாளம் காண்பது சுலபம், கதை முடிந்தது.)

கழற்றும்போது கப் ஸ்க்ரூக்களில் கவனம் வேண்டும். ஜப்பானிய வடிவமைப்பு வண்டிகளில் வரும் இந்த ப்ளஸ் தலைகள் ஜே.ஐ.எஸ். (ஜப்பானியத் தர நிர்ணய) அளவு, சாதாரண ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர் அவற்றில் முழுதாக உட்காராமல் வழுக்கித் தலையைத் தின்றுவிடும். நான் முதல் நாள் இரவே ஸ்க்ரூக்களில் எண்ணெய் விட்டு வைத்து, ஜே.ஐ.எஸ். முனை போட்டு, டிரைவரின் பின்பக்கம் ஒரு தட்டு தட்டிவிட்டுத் திருப்பினேன். சத்தமில்லாமல் வந்தது.

கப்பைத் திறந்தால் அடியில் காவி நிறத்தில் மண்டி, ஓரங்களில் வெள்ளைப் பொடி. காவி டேங்கிலிருந்து வந்த துரு. வெள்ளை, கப்பின் உலோகமே அரித்து வந்தது, அடியில் தண்ணீர் தேங்கி நின்றதற்கு அடையாளம். இப்போது பெட்ரோலில் கலக்கும் எத்தனால் தண்ணீரை இழுத்து வைத்துக்கொள்ளும், அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து அடியில் பிரிந்து நிற்கும். எல்லாக் கோளாறுக்கும் எத்தனாலைத் திட்டுவது ஃபேஷனாகிவிட்டது. ஆனால் மாதக்கணக்கில் நிற்கும் கார்பரேட்டர் வண்டிக்கு அந்தத் திட்டு நியாயம்தான். நிறுத்தப்போகிறீர்கள் என்றால் டேப்பை மூடி, கப்பை வடித்துவிட்டு நிறுத்துங்கள்.

பின்னைக் கழற்றி மொபைல் கேமராவில் ஜூம் போட்டுப் பார்த்தேன். முனையில் இருக்கும் கறுப்பு ரப்பர் கூம்பைச் சுற்றி மோதிரம் போட்டது போல ஒரு பள்ளம். சீட்டின் விளிம்பு இத்தனை வருடம் அழுத்தி அழுத்திப் பதிந்த தடம். நகத்தால் வருடினாலே தட்டுகிறது. அந்தப் பள்ளம் இருந்தால் பின் கொஞ்சம் திரும்பி உட்கார்ந்தாலே போதும், அடைப்பு போச்சு. மெக்கானிக்குகள் ஸ்க்ரூ டிரைவர் பிடியால் கார்பரேட்டரைத் தட்டினால் ஒழுகல் நிற்பதும் இதனால்தான், பின் நகர்ந்து சரியாக உட்காரும் அல்லது இடையில் சிக்கிய துகள் விழும். அன்றைக்கு வீடு போய்ச் சேரலாம், அவ்வளவுதான்.

சீட்டைச் சுத்தம் செய்ய இயர் பட்டில் மெட்டல் பாலிஷ் கொஞ்சம் தொட்டு, விரல்களுக்கிடையே உருட்டித் தேய்த்தேன். உப்புத்தாள் எல்லாம் வேண்டாம், கோடு விழுந்தால் அந்தச் சீட்டில் எந்தப் பின்னும் அடைக்காது. பிறகு கார்பரேட்டர் கிளீனர் அடித்து, பாலிஷ் துளி இல்லாமல் கழுவினேன். பிளோட்டையும் காதருகே ஆட்டிப் பார்த்துவிடுங்கள், உள்ளே பெட்ரோல் சலசலத்தால் ஓட்டை. என்னுடையது நன்றாகவே இருந்தது.

புதுப் பின் வாங்கும்போது பழையதைக் கையோடு கொண்டுபோனேன். ஸ்பேர்ஸ் கடையில் ஒரே பெயரில் நீளம் லேசாக மாறுபட்ட பின்கள் கிடக்கின்றன. அரை மில்லிமீட்டர் கூடக்குறைய இருந்தாலும் பிளோட் மூடும் உயரம் மாறி, கப்பின் பெட்ரோல் மட்டமே மாறிவிடும். பின்னின் வால் பக்கம் ஸ்பிரிங் மேல் நிற்கும் குட்டிக் கம்பி இருக்கிறதே, அது உள்ளே அமுங்கித் தானாக வெளியே வரவேண்டும். வண்டி குலுங்கும்போது பின் சீட்டைவிட்டு எகிறாமல் இருக்க அதுதான் குஷன். பிளோட் உயரம் பார்ப்பவர்களும் கார்பரேட்டரைச் சாய்த்துப் பிடித்து, நாக்கு இந்தக் கம்பியைத் தொடவேண்டும், அமுக்கக்கூடாது என்கிற நிலையில்தான் அளக்கவேண்டும். தலைகீழாகப் பிடித்து அளந்தால் பிளோட்டின் எடை கம்பியை அமுக்கித் தப்பான கணக்குக் காட்டும்.

மாட்டியதும் ஊதிப் பார்க்கும் சோதனை. பெட்ரோல் வரும் மூக்கில் சுத்தமான டியூப் செருகி, கார்பரேட்டரை நேராகப் பிடித்து ஊதினால் காற்று போகும், கவிழ்த்துப் பிடித்தால் நிற்கவேண்டும். நின்றது. சந்தோஷமாக வண்டியில் மாட்டி டேப்பைத் திறந்தேன்.

ஒழுகல் நின்றது. சொட்டல் நிற்கவில்லை.

இந்த இடத்தில்தான் “புதுப் பின்னும் டூப்ளிகேட்” என்று பலரும் கடைக்கு ஓடுவார்கள். டேப்பை மூடிவிட்டுக் கவனித்தேன். கோளாறு பின்னில் என்றால், டேப்பை மூடியதும் மட்டம் குழாய் வாய்க்குக் கீழே இறங்கும், சொட்டும் நின்றுவிடும். இங்கே டேப் மூடியும் சொட்டிக்கொண்டே இருந்தது, காலையில் பார்த்தால் கப் ஏறக்குறைய காலி, டேப்பைத் திறந்து கொஞ்ச நேரம் விட்ட பிறகுதான் வண்டி கிளம்பியது. அப்படியென்றால் பெட்ரோல் குழாயின் வாய் வழியாகப் போகவில்லை, அதற்குக் கீழே எங்கோ வழி இருக்கிறது. ஒன்று டிரெயின் ஸ்க்ரூ, இல்லை குழாயே.

இரண்டையும் பிரிக்க பஞ்சர் கடைச் சோதனை போதும். கப்பை மட்டும் கழற்றிக் கழுவி, சோப்புத் தண்ணீரில் மூழ்கவைத்து, அடி மூக்கில் டியூப் மாட்டி, குழாயின் வாயை விரலால் பொத்திக்கொண்டு மெதுவாக ஊதினேன். டிரெயின் ஸ்க்ரூ கசிந்தால் கப்பின் அடியில் உள்ள துளையிலிருந்து குமிழி வரும். வரவில்லை. பித்தளைக் குழாயின் பக்கவாட்டில், அடியை ஒட்டி, குண்டூசித் தலையளவு குமிழிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பின. துடைத்து டார்ச் அடித்துப் பார்த்தால் நீளவாக்கில் ஒரு மயிரிழை விரிசல், அது இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் கண்ணுக்கே தெரிகிறது.

கப் தனியாகக் கிடைத்தால் வாங்கிப் போடலாம். எனக்குக் கடையில் முழு கார்பரேட்டர்தான் வாங்கச் சொன்னார்கள், அதனால் ஈயம் வைத்துவிட்டேன். கப்பை முழுக்கக் கழுவி, ஒரு நாள் வெயிலில் போட்டு, பெட்ரோல் வாடையே இல்லை என்று உறுதியான பிறகுதான், அதுவும் வீட்டுக்கு வெளியே, சால்டரிங் அயர்னை எடுத்தேன். சின்ன கார்பரேட்டர்கள் பெரும்பாலும் துத்தநாகக் கலவையில் வார்த்தவை, 380 டிகிரி செல்சியஸ் வாக்கில் அதுவே உருகிவிடும், கேஸ் டார்ச் கொண்டு போனால் கப்பே போய்விடும். 60/40 ஈயம் (வெள்ளீயமும் ஈயமும் அந்த விகிதத்தில் கலந்த பற்றாசு) 190 டிகிரிக்குள் உருகிவிடும் என்பதால் அயர்ன் தாராளமாகப் போதும். பித்தளையைச் சுரண்டிப் பளபளப்பாக்கி, ஈயம் நன்றாகப் பிடிக்க ஃப்ளக்ஸ் பசை தடவி, குழாயைச் சூடாக்கினால் ஈயம் விரிசலில் தானாக ஓடிப் பிடிக்கிறது. குழாயின் வாயை அடைத்துவிடக் கூடாது, அதில் மட்டும் கண் வைத்தேன். இரண்டு பசையைப் பிசைந்து பூசும் முறையும் சொன்னார்கள். எப்போதும் பெட்ரோலில் ஊறிக்கிடக்கும் இடத்தில் அதை நம்ப எனக்கு மனம் வரவில்லை.

மறுபடி குமிழிச் சோதனை, சுத்தம். வண்டியில் மாட்டிய பின் அடி மூக்கில் கண்ணாடி டியூப் செருகி, கப்பை ஒட்டினாற்போல மேலே தூக்கிப் பிடித்து, டிரெயின் ஸ்க்ரூவைத் திறந்தேன். கப்பும் உடம்பும் சேரும் கோட்டுக்குச் சற்றுக் கீழே பெட்ரோல் வந்து நின்றது. இதைச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தித்தான் பார்க்கவேண்டும், சைடு ஸ்டாண்டில் மட்டம் சாய்ந்துவிடும்.

ஸ்க்ரூவை மூடிய பின் டேப்பைத் திறந்தபடியே இரவு முழுக்க விட்டு, அடியில் செய்தித்தாள் விரித்து வைத்தேன். காலையில் தாளில் கறை இல்லை.

ஆயில் டிப்ஸ்டிக்கை எடுத்து முகர்ந்தால் பெட்ரோல் வாடை இருந்தது, மட்டமும் கோட்டுக்கு மேலே. ஓவர்ஃப்ளோ ஆன பெட்ரோலில் கொஞ்சம் சிலிண்டர் வழியாக உள்ளே இறங்கியிருக்கிறது. நீர்த்துப்போன ஆயிலில் ஓட்டினால் பேரிங்கும் பிஸ்டனும் தேயும், ஆயிலை மாற்றாமல் இந்த வேலை முடிந்ததாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பிளக் இப்போது வெளிர் பழுப்புக்கு வந்துவிட்டது. டேங்க் துரு அப்படியேதான் இருக்கிறது, அதைக் கழுவும் வரைக்கும் டேப்புக்கும் கார்பரேட்டருக்கும் நடுவில் ஒரு பெட்ரோல் ஃபில்டர் போட்டிருக்கிறேன், இப்போதே அதன் அடியில் காவி படிய ஆரம்பித்துவிட்டது.