ரத்தம் ஏற்றும் நாளில் கூட வரும் பிள்ளை

தலசீமியா (ரத்தச் சிவப்பணு சரியாக உருவாகாத பிறவி நோய்) கடுமையாக உள்ள பிள்ளைக்கு 2 முதல் 4 வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்ற வேண்டும். ஏற்றப்போகும் ரத்தம் ஒத்துப்போகுமா என்று பார்க்கும் கிராஸ்மேட்ச் டெஸ்ட் முடிந்து ரத்தப் பை வருவதற்குள் பாதி நாள் போய்விடும். அது சொட்டுச் சொட்டாக இறங்க இன்னும் மூன்று, நான்கு மணி நேரம். கூட வந்த அண்ணனோ தங்கையோ அவ்வளவு நேரமும் பெஞ்சில்தான். "உனக்கு ஏதாவது வேணுமா?" என்று கேட்டால் "ஒண்ணும் வேணாம்" என்பார்கள். வார்டில் வேலை பார்க்கிறவர்கள் அந்தப் பதிலை அப்படியே நம்பிவிடக் கூடாது.

நாலு வயதிலிருந்து ஏழு வயது வரை உள்ள பிள்ளைகள், தாங்கள் சண்டை போட்டதால்தான் தம்பிக்கு நோய் வந்தது என்று நினைப்பதுண்டு. வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள். நாமாகவே சொல்ல வேண்டும்: இது பிறக்கும்போதே ரத்தத்தில் இருந்தது, உன்னால் வரவில்லை, தொட்டாலும் ஒட்டாது, இன்றைக்குச் சாயங்காலம் உன்னைக் கூட்டிப்போக இன்னார் வருவார். கடைசியாகச் சொல்கிற விஷயத்தைப் பெரியவர்கள் மறந்துவிடுகிறார்கள். பிள்ளையின் மனதில் முதலில் ஓடுவது அதுதான்.

அடிக்கடி ரத்தம் ஏற்றுவதால் உடம்பில் சேரும் இரும்புச்சத்தை வெளியேற்றும் மருந்தைப் பம்ப்பில் போடுகிற வீடுகளில் 8 முதல் 12 மணி நேரம், வாரத்தில் ஐந்து இரவாவது அது ஓடும். டேப் ஒட்டுவது, இன்றைக்கு வயிற்றின் எந்தப் பக்கம் ஊசி என்று குறித்துவைப்பது போன்ற வேலைகளைக் கூடப் பிறந்தவருக்குக் கொடுக்கலாம். ஊசி குத்துவதையும், ராத்திரி அலாரத்துக்கு எழுந்து பார்ப்பதையும் ஒப்படைக்கக் கூடாது. அப்படி ஒப்படைத்தால் தம்பி மூச்சு விடுகிறானா என்று பார்த்துக்கொண்டே படுத்திருப்பார்கள்.

மிகவும் கவனம் தேவைப்படுவது, எலும்புக்குள் ரத்தம் உருவாகும் மஜ்ஜையைக் கூடப் பிறந்தவரிடமிருந்து எடுத்து மாற்றும்போதுதான். ஒரே தாய் தந்தைக்குப் பிறந்தவர்களில் எச்எல்ஏ (மஜ்ஜை ஒத்துப்போகுமா என்று காட்டும் அணு அடையாளம்) முழுதாகப் பொருந்துவதற்கு நாலில் ஒரு பங்கு வாய்ப்புதான். டெஸ்ட் ரிசல்ட் வருமுன்பே "நீதான் தம்பியைக் காப்பாத்தப் போறே" என்று உறவினர்கள் சொல்லிவிடுவார்கள். பொருந்தாவிட்டால் அந்தப் பிள்ளை அதைத் தன் தோல்வியாகவே எடுத்துக்கொள்ளும். டெஸ்டுக்கு ரத்தம் எடுக்கும் அன்றைக்கே, பொருத்தம் பிறப்பிலேயே அமைவது, நீ நல்ல பிள்ளையாக இருப்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று சொல்லிவிட வேண்டும்.

பொருந்தினால், கொடுக்கிற பிள்ளைக்கென்று தனி டாக்டர் இருக்க வேண்டும். நோயுள்ள பிள்ளையைப் பார்க்கும் டாக்டரே இருவருக்கும் சேர்த்து முடிவெடுப்பது சரியல்ல. "தூங்க வைப்பாங்க" என்று சொல்லாதீர்கள், பிறகு வீட்டில் தூங்கவே பயப்படும். மயக்க மருந்து என்றே சொல்லுங்கள்: இடுப்பு எலும்பிலிருந்து எடுக்கும்போது வலி தெரியாது, விழித்த பிறகு சில நாள் இடுப்பு வலிக்கும், எடுத்த மஜ்ஜை சில வாரத்தில் திரும்ப ஊறிவிடும்.

மஜ்ஜை ஏற்றும் நேரத்தில் வீட்டார் அத்தனை பேரும் தனியறைக் கண்ணாடி முன்னால் நிற்பார்கள். கொடுத்த பிள்ளை வேறு வார்டில் கண் விழிக்கும். அந்த இரவு யார் அங்கே இருப்பது என்று முந்தின நாளே பேர் எழுதிவைக்க வேண்டும். அந்தப் பெரியவர் எக்காரணம் கொண்டும் அங்கிருந்து நகரக் கூடாது.

ஏற்றிய மஜ்ஜை தம்பியின் உடம்பில் வேலை செய்யாமல் போனால், அந்தச் செய்தியை, மஜ்ஜை கொடுத்த பிள்ளை கதவோரம் நின்று கேட்டுத் தெரிந்துகொள்ள விடாதீர்கள். தனியாக உட்காரவைத்து டாக்டரே சொல்லட்டும்: நீ கொடுத்தது நல்ல மஜ்ஜை.