பிக் சர் மாரத்தானுக்கு 16 வாரம்: அக்கிலிஸ் காயம் ஆறிய பிறகு

ஜனவரி 4, ஞாயிறு

ஏப்ரல் கடைசி ஞாயிறன்று பிக் சர் மாரத்தான். கலிஃபோர்னியாவின் நெடுஞ்சாலை 1-இல், பிக் சரிலிருந்து வடக்கே கார்மல் வரை, பசிபிக் கடலை இடது கையில் வைத்துக்கொண்டு 42.2 கி.மீ. ஓட வேண்டும். 1986 முதல் நடக்கும் போட்டி. மொத்த ஏற்றம் 2,000 அடிக்கு மேல். இறக்கம் அதைவிடவும் கூடுதல். ஏற்றத்தில் குதிகாலுக்கு மேலே இருக்கும் அக்கிலிஸ் தசைநார் அடி வாங்கும். இறக்கத்தில் அடி தொடைக்கு. ஒன்றுக்குத் தயாராகி இன்னொன்றை விட்டவர்கள் பாதித் தூரத்துக்கு மேல் நடக்கத்தான் செய்கிறார்கள்.

ஓட ஆரம்பிக்கலாமா என்று பார்க்க மூன்று சோதனை. 30 நிமிட வேக நடை, வலி இல்லாமல். ஒற்றைக் காலில் குதிகாலைத் தூக்கி இறக்குவது, 25 முறை. அதே காலில் பத்து தத்தல். இரண்டாவதில்தான் எல்லோரும் தங்களையே ஏமாற்றிக்கொள்கிறார்கள்: பதினைந்துக்கு மேல் உயரம் குறைந்துகொண்டே வரும், எண்ணிக்கை மட்டும் ஏறும். முழு உயரத்தில் தலை எங்கே வருகிறது என்று சுவரில் பென்சிலால் கோடு போட்டு, கோட்டைத் தொட்டதை மட்டும் எண்ணவும்.

ஜனவரி 7, புதன்

ஒரு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை, பத்து சுற்று, சமதளத்தில். அடுத்த ஓட்டம் வெள்ளிக்கிழமை. நடுவில் ஒரு முழு நாள் இடைவெளி கட்டாயம். சுமை ஏற்றிய பிறகு முதல் ஒரு நாள் தசைநாரில் சிதைவுதான் மிஞ்சி நிற்கும். ஒன்றரை நாள் கழிந்த பிறகுதான் கட்டுமானம் முந்தும். தினமும் ஓடினால் கட்டுவதற்குள் இடிப்பது போலாகும்.

இந்தக் காயத்தின் பெரிய வஞ்சகம், ஓடத் தொடங்கிப் பத்து நிமிடத்தில் வலி மறைந்துவிடுவது. உடம்பு சூடாகியதால் வந்த அமைதி அது. குணமானதாக நினைத்து வேகத்தைக் கூட்டினால், மறுநாள் காலை கட்டிலிலிருந்து இறங்கும் முதல் அடியில் கணக்கு தீர்க்கப்படும். அதனால் இந்தக் குறிப்பில் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் இரண்டு எண்: ஓடும்போது இருந்த வலி, மறுநாள் காலை முதல் பத்து அடியில் இருந்த வலி. பத்துக்கு எத்தனை என்று. முடிவெடுக்க உதவுவது இரண்டாவது எண்தான். உடற்சிகிச்சை ஆய்வாளர் கரின் சில்பர்னாகல் குழுவினர் 2007-இல் வெளியிட்ட ஆய்வில் 5 வரை வலியை அனுமதித்து, ஓட்டத்தை நிறுத்தாமலே சிகிச்சை தந்தார்கள். மறுநாள் காலைக்குள் வலி தணிந்தாக வேண்டும் என்பது நிபந்தனை. மலைப்பாதைக்குப் போகிறவர்கள் 3-லேயே கோடு கிழித்துக்கொள்வது நல்லது.

ஜனவரி 25, ஞாயிறு

எடைப் பயிற்சி மூன்றாவது வாரம். ஸ்வீடனின் எலும்பியல் மருத்துவர் ஆல்ஃபிரட்சன் 1998-இல் சொன்ன முறை, படியின் விளிம்பில் நின்று குதிகாலை மெதுவாக இறக்குவது: முழங்கால் நீட்டி 15, மடக்கி 15, மும்மூன்று தடவை, காலையும் மாலையும், 12 வாரம். பலன் உண்டு. ஆனால் ஒரு நாளுக்கு 180 முறை என்பது வேலைக்குப் போகிறவர்களுக்குப் பெரிய பாரம், பாதியில் விட்டுவிடுகிறார்கள். கனமான எடையோடு குதிகாலை மெதுவாகத் தூக்கும் முறையில் வாரம் மூன்று நாள் போதும். தூக்க 3 விநாடி, இறக்க 3 விநாடி. முதல் வாரம் 15 முறைக்கு மேல் முடியாத எடை. படிப்படியாக எடையைக் கூட்டி, ஒன்பதாம் வாரத்தில் 6 முறைக்கு மேல் முடியாத எடை. நின்றபடி ஒன்று, உட்கார்ந்தபடி ஒன்று இரண்டும் வேண்டும். உட்கார்ந்து தூக்கும்போதுதான் கெண்டைக்காலின் உள்தசைக்கு வேலை. மேடேறும்போது உழைப்பதும் அதே தசை.

வலி குதிகால் எலும்போடு ஒட்டும் இடத்தில் இருந்தால் படி விளிம்பு கூடாது. குதிகால் பாதமட்டத்துக்குக் கீழே போனால் தசைநார் எலும்பில் நசுங்கும். தரையிலேயே நின்று செய்யவும். கெண்டைக்காலை இழுத்து நீட்டும் பயிற்சியையும் அதே காரணத்துக்காக விட்டுவிடவும்.

பிப்ரவரி 15, ஞாயிறு

சமதளத்தில் 14 கி.மீ. ஓட முடிகிறது, மறுநாள் காலை எண் 1. இனி மேடு. ஐந்து சதவீதச் சரிவில் ஒரு நிமிடம் ஏறி, நடந்து இறங்குவது, ஆறு தடவை. குதிகால் தரையைத் தொடட்டும். நுனிப்பாதத்தில் ஏறினால் தசைநார் கூடுதலாக இழுபடும். மேடில்லாத ஊரில் டிரெட்மில்லில் சாய்வை 5-க்கு வைத்தால் போதும்.

மார்ச் 1, ஞாயிறு

இறக்கம். நான்கு சதவீதச் சரிவில் 400 மீட்டர், ஐந்து தடவை, நிதானமாக. எட்டு வைக்கும் நீளத்தைக் குறுக்கி, அடியின் எண்ணிக்கையைக் கூட்டவும். நாளையும் மறுநாளும் தொடை வலிக்கும், அது எதிர்பார்த்ததே. ஒரு தடவை இப்படி வலித்த தொடை அடுத்த சில வாரங்களுக்கு அதே இறக்கத்தைத் தாங்கும். அதனால் மூன்று வாரத்துக்கு ஒரு முறை என்று இன்னும் இரண்டு தடவை போதும், வாராவாரம் வேண்டாம்.

மார்ச் 15, ஞாயிறு

27 கி.மீ., வேண்டுமென்றே சாய்ந்த சாலையில். பிக் சர் பற்றிப் பேசுபவர்கள் மேட்டைப் பேசுவார்கள், சாலையின் சாய்வைப் பேசமாட்டார்கள். மழைநீர் வடிய நெடுஞ்சாலையின் நடு உயர்ந்து ஓரம் தாழ்ந்திருக்கும். வளைவுகளில் ஒரே பக்கமாகச் சரிந்திருக்கும். வலப்பக்கம் சரிந்தால் இடது பாதம் உள்ளே மடங்கும், வலது பாதம் வெளியே மடங்கும். ஒரு கிலோமீட்டருக்கு அது ஒன்றுமில்லை. முப்பது கிலோமீட்டருக்கு மேல் தசைநாரின் ஒரு விளிம்பே அதிகச் சுமையை ஏற்கும். வாரம் ஒரு ஓட்டமாவது இப்படிப்பட்ட சாலையில் ஓடிப் பழகாமல் அங்கே போகக் கூடாது. போட்டியன்று எங்கெல்லாம் அனுமதி உண்டோ அங்கெல்லாம் நடுக்கோட்டை ஒட்டியே ஓடவும்.

மார்ச் 29, ஞாயிறு

ஒத்திகை. 30 கி.மீ., 16-ஆம் கிலோமீட்டரில் 3 கி.மீ. ஏற்றம் வரும்படி பாதையை அமைத்து. 40 நிமிடத்துக்கு ஒரு ஜெல் (ஓடும்போதே சாப்பிடும் சர்க்கரைக் கூழ்).

மார்ச் 31, செவ்வாய்

நேற்று காலை எண் 5. இன்று 4. ஏற்றத்தில் கடிகாரத்தைப் பார்த்துச் சமதள வேகத்தையே பிடித்ததுதான் காரணம், தூரம் அல்ல.

இந்த இடத்தில் செய்யக் கூடாதது இரண்டு. முழு ஓய்வு எடுப்பது: இரண்டு வாரம் சும்மா இருந்தால் தசைநாரின் தாங்குதிறன் இன்னும் கீழே போகும். ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொள்வது: வலி போகும், அறுந்துபோகும் அபாயம் வரும். இந்தச் சமயத்தில் வேறு தொற்றுக்காக மருத்துவரைப் பார்க்க நேர்ந்தால் தசைநார் காயத்தைச் சொல்லிவிடவும். சிப்ரோஃப்ளாக்சசின் வகை ஆன்டிபயாடிக் தசைநாரைப் பலவீனமாக்கும்.

செய்ய வேண்டியது: ஐந்து நாள் ஓட்டம் நிறுத்தி சைக்கிள். எடைப் பயிற்சியை எடை குறைத்துத் தொடரவும். ஷூவுக்குள் குதிகாலுக்கு அடியில் சில மில்லிமீட்டர் மெத்தை. காலை எண் இரண்டுக்கு இறங்கியதும் சமதளத்தில் 5 கி.மீ.

ஏப்ரல் 12, ஞாயிறு

எண் 1. கடைசி நீண்ட ஓட்டம் 19 கி.மீ., இத்துடன் தூரம் குறைகிறது. எடைப் பயிற்சி பாதி அளவில் அடுத்த வார இறுதி வரை. போட்டிக்காகப் புது ஷூ வாங்கும் ஆசை வரும், வேண்டாம். பழகியதைவிடக் குதிகால் உயரம் குறைந்த ஷூ, அந்த மில்லிமீட்டர்களை அக்கிலிஸிடமிருந்துதான் வசூலிக்கும்.

சாலை நிலவரத்தையும் பார்த்துக்கொள்ளவும். மலைச்சரிவு அடிக்கடி நடக்கும் கரை அது. 2011-லும் 2024-லும் ராக்கி கிரீக் பக்கம் சாலை இடிந்ததால் கார்மலிலிருந்து போய்த் திரும்பும் பாதையாக மாற்றினார்கள். அப்படி ஆனால் பெரிய ஏற்றம் கிடையாது, ஆனால் கார்மலுக்குச் சற்றுத் தெற்கே உள்ள கார்மல் ஹைலாண்ட்ஸின் சாய்ந்த வளைவுகள் இரண்டு தடவை வரும்.

ஏப்ரல் 25, சனி

நாளைய திட்டம். பேருந்து அதிகாலை 4 மணி வாக்கில், தொடக்கம் 6:45. நடுவில் குளிரில் நீண்ட காத்திருப்பு. தூக்கி எறியக்கூடிய பழைய ஸ்வெட்டர், கெண்டைக்காலுக்குக் கதகதப்பு. குளிர்ந்த தசைநாரோடு இறக்கத்தில் கிளம்பக் கூடாது. தொடங்கும் முன் 20 குதிகால் தூக்கல்.

முதல் 5 மைல் ரெட்வுட் மரங்களுக்கிடையே இறக்கம். காற்றில்லை, நிழல், கால் தானாக ஓடும். திட்டமிட்ட வேகத்தைவிட கி.மீ.க்கு 10 விநாடி மெதுவாகவே. மரங்கள் முடிந்ததும் வெட்டவெளி, பெரும்பாலும் வடமேற்கு எதிர்க்காற்று. உயரமானவர்கள் இருக்கும் கூட்டத்தின் பின்னால் ஒதுங்கவும்.

10-ஆம் மைலில் ஜப்பானிய டைகோ மேளம் கேட்கும். அங்கேதான் ஹரிக்கேன் பாயின்ட் ஏற்றம் ஆரம்பம்: 2 மைலில் சுமார் 520 அடி. கடிகாரத்தின் வேகத்தைப் பார்க்காமல் மூச்சைப் பார்க்கவும், ஒரு முழு வாக்கியம் பேச முடிய வேண்டும். கி.மீ.க்கு 7:30 வேகத்தில் ஓடி ஏறினால் 24 நிமிடம். கி.மீ.க்கு 11 நிமிட நடையில் ஏறினால் 35. வித்தியாசம் வெறும் 11 நிமிடம். ஆறு மணி நேர வரம்புக்குள் வர கி.மீ.க்குச் சராசரி 8:31 போதும் என்பதால், மறுநாள் நடக்க முடிய வேண்டும் என்று நினைப்பவர்கள் தாராளமாக நடந்து ஏறலாம்.

உச்சியிலிருந்து பிக்ஸ்பி பாலம் வரை இறக்கம். குறுகிய எட்டு. பாலம் 1932-இல் கட்டியது, 714 அடி நீளம், சரியாகப் பாதித் தூரம், எதிர்முனையில் ஒருவர் பெரிய பியானோ வாசித்துக்கொண்டிருப்பார். அங்கே நின்று பார்ப்பதற்கு இரண்டு நிமிடம் இப்போதே ஒதுக்கி வைத்திருக்கிறது. இந்தக் காட்சிக்காகத்தான் 16 வாரம். நிற்கும்போது கெண்டைக்காலை இழுத்து நீட்ட வேண்டாம்.

அதற்குப் பிறகு பெரிய மேடு இல்லை, சின்ன மேடு ஓயாது. ஹைலாண்ட்ஸில் சாய்வைக் கவனிக்கவும். 23-ஆம் மைலில் ஸ்ட்ராபெர்ரி தருவார்கள், வாங்கிக்கொள்ளவும். 25-இல் கடைசி மேடு. வலி 5-ஐத் தாண்டினாலோ நடை மாறி நொண்டினாலோ நடக்கவும். கெண்டைக்காலில் யாரோ உதைத்தது போல ‘டப்’ என்று உணர்ந்தால் அங்கேயே உட்கார்ந்து உதவி கேட்கவும்.

திங்கட்கிழமை காலை, முதல் பத்து அடி. எண்ணைக் குறிக்கவும்.