வெங்காயத்தாள் கேஸ்

எங்கப்பா இன்னிக்குக் காலைல இங்க ஹாங்காங்ல சுன் யெங் தெருவுல ட்ராமை நிப்பாட்டிட்டார். கொஞ்சம் கூட்டித்தான் சொல்றேன். ஆனா டிரைவர் அடிச்ச மணிச் சத்தம் இன்னும் காதுல கேக்குது.

நம்ம காய்க்கார ஆன்ட்டி இருக்காங்களே, கீரை வாங்கினா கடைசியா ரெண்டு வெங்காயத்தாளைப் பையில சொருகி விடுவாங்க. இந்த ஊர் கொசுறு அது. அப்பா அதை வெளியே உருவி எடுத்தார்.

"இது என்னம்மா?"

"சும்மா குடுக்கறாங்கப்பா."

"சும்மாவா? பதிலுக்கு நீ என்ன செய்யறே?"

"நாளைக்கும் இங்கயே வாங்குவேன்."

"ஆங். அதேதான்."

ரெண்டு டாலர் காசை எடுத்து ஆன்ட்டி கையில திணிச்சார். ஆன்ட்டி "ம்சாய் ம்சாய்"னு, அதான் வேண்டாம் வேண்டாம்னு, திருப்பித் திணிச்சாங்க. அப்பா அதை சொய் சம் கீரைக் குவியல் மேல வச்சார். இவருக்கு வெங்காயத்தாள் பத்தல போலன்னு நினைச்சுக்கிட்டாங்களோ என்னவோ, ஒரு கொத்து மல்லியும் பையில விழுந்துச்சு. அப்பா இப்ப அஞ்சு டாலர் எடுத்தார். அந்தத் தெருவுல தண்டவாளம்தான் நடைபாதை, ட்ராம் வந்தா ஒதுங்கிக்கணும். நார்த் பாயிண்ட் ஏரியாவே ஒதுங்கிடுச்சு. அப்பா மட்டும் பர்ஸைத் திறந்து வச்சுக்கிட்டு நடுவுல நிக்கறார். டிங் டிங் டிங். ஆன்ட்டி என்னைப் பார்த்து ஏதோ கத்தினாங்க. என் கான்டனீஸுக்கு எட்டல. என் பையனுக்கு எட்டுச்சு. காது சிவந்துபோய்க் கீழே குனிஞ்சுக்கிட்டான்.

இதுக்கெல்லாம் மூலகாரணம் மாப்பிள்ளை போட்டுக் காட்டின படம். 'ஐ கரப்ட் ஆல் காப்ஸ்', போலீஸ் லஞ்சத்தைப் பத்தி 2009ல வோங் ஜிங் எடுத்தது. நம்ம வீட்டுக்காரரைத்தான் தெரியுமே, படம் போட்டா அதுக்கு மேல ஒரு படம் ஓட்டுவார். டோனி லியுங் நடிச்சதுன்னு சொன்னதும் அப்பா ஆசையா உக்காந்தார். அந்தப் பேர்ல ரெண்டு நடிகருங்க உண்டு. அவர் எதிர்பார்த்தது சின்ன டோனி. வந்தது பெரிய டோனி. "ஆள் மாறாட்டம்"னு அங்கேயே முதல் கேஸ் பதிவாயிடுச்சு.

அதுல டோனிக்கு லூய் லொக்குங்கற நிஜப் போலீஸ்காரரை மனசுல வச்சுச் செஞ்ச வேஷம். ஒரு சாதாரண ஸ்டாஃப் சார்ஜென்ட், ஊர் வச்ச பட்டப்பேர் ஐம்பது கோடி டாலர். நாங்க படத்தைப் பாக்க, அப்பா ஐம்பது கோடியை மாசச் சம்பளத்தால வகுத்துக்கிட்டிருந்தார். அந்தக் காலத்துல இங்க தீயணைக்க வந்தவங்க தண்ணி திறக்கக் காசு கேட்டாங்க, ஆஸ்பத்திரியில பெட்பேன் வைக்கக் காசு கேட்டாங்கன்னு இவர் எடுத்து விட, அப்பா தலையை ஆட்டிக்கிட்டே இருந்தார். காட்பர்ங்கற போலீஸ் அதிகாரியோட கதை வந்ததும் எழுந்து நின்னுட்டார். சீஃப் சூப்பரின்டெண்ட், 43 லட்சம் டாலருக்குக் கணக்கு இல்லை, விசாரணை நடக்கும்போதே 1973ல தன்னோட போலீஸ் பாஸைக் காட்டி ஏர்போர்ட்டுக்குள்ள நுழைஞ்சு ப்ளேன் ஏறிட்டான். ஜனம் தெருவுக்கு வந்து கத்தினதுக்கு அப்புறம்தான் 1974ல ஐ.சி.ஏ.சி.ங்கற லஞ்ச ஒழிப்பு அமைப்பு பிறந்துச்சு.

"பிடிச்சாங்களா?"

"பிடிச்சாங்க மாமா. நாலு வருஷம் ஜெயில்."

"நாலா? அந்த லொக்குக்கு?"

"அவர் கனடா போயிட்டார். 2010ல அங்கயே போய்ச் சேந்துட்டார்."

அப்பா தண்ணி குடிச்சார். இதோட விட்டிருக்கலாம். 1977ல போலீஸ்காரங்களே திரண்டு போய் ஐ.சி.ஏ.சி. ஆபீஸுக்குள்ள புகுந்து அடிச்சதையும், கவர்னர் இறங்கி வந்து பழைய தப்புல பெரும்பாலானதை விட்டுடறோம்னு அறிவிச்சதையும் இவர் சொல்லியே ஆகணுமா? அப்பா அதைத் தன்னோட பென்ஷன்ல கை வச்ச மாதிரி எடுத்துக்கிட்டார். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு "பொது மன்னிப்பா?"ன்னு ஹால்லேர்ந்து குரல் வருது. இங்க நம்ம வீட்டுச் சுவரோட கனம் உங்களுக்குத் தெரியும். பக்கத்து வீட்ல லைட் எரிஞ்சுது.

காலைல எழுந்ததும் முதல் வேலையா ஜாவா ரோட்டுக்கு நடந்து போய் ஐ.சி.ஏ.சி. கட்டடத்தை அண்ணாந்து பாத்துட்டு வந்தார். அந்தச் சூட்டோடதான் மார்க்கெட்.

வீட்டுக்கு வந்து நான் கத்த ஆரம்பிக்கறதுக்குள்ள இவர் நடுவுல புகுந்து சிரிக்க வைக்கப் பாத்தார். அந்தக் காலப் போலீஸ்ல ஒரு பேச்சு உண்டாம். பஸ்ல ஏறிக்கோ, இல்லையா பக்கத்துல ஓடு, முன்னாடி மட்டும் நிக்காதே. லஞ்சத்துல பங்கு வாங்கறவன் உள்ளே, வாங்காம வாயை மூடிக்கறவன் பக்கத்துல.

அப்பா சிரிக்கல. வெங்காயத்தாளை நறுக்கிக்கிட்டே சொன்னார். "நான் பக்கத்துல ஓடினவன் மாப்பிள்ளை. முன்னாடி நின்னவர் ஒருத்தர் எங்க ஆபீஸ்ல இருந்தார். ராமநாதபுரத்துக்குத் தூக்கி அடிச்சாங்க. ரயிலேத்த நாங்க ஒருத்தரும் ஸ்டேஷனுக்குப் போகல. போனா எங்க பேரும் லிஸ்ட்ல ஏறிடும்னு."

நான் கத்த வச்சிருந்ததையெல்லாம் முழுங்கிட்டு சாதத்தை வடிச்சேன்.

சாயங்காலம் அம்மா வீடியோ கால்ல வந்தாங்க. வெங்காயத்தாள் சமாசாரத்தைச் சொன்னதுதான் தாமதம். "இந்த மனுஷனா? ஒரு தீபாவளிக்கு எவனோ கான்ட்ராக்டர் மைசூர்பா டப்பா குடுத்தனுப்பினான். தெரியாம ஒண்ணை வாயில போட்டுட்டேன். டப்பாவைத் திருப்பி அனுப்பும்போது ஒண்ணு குறையக் கூடாதுன்னு கடைக்கு ஓடிப்போய் வாங்கிட்டு வந்து சொருகி அனுப்பினார்டி உங்கப்பா."

"ஒண்ணு தனியாத் தரமாட்டேன்னான்"னு அப்பா எட்டிப் பாத்துச் சொன்னார். "கால் கிலோதான் வாங்கினேன். மீதியெல்லாம் நம்ம வீட்லதான் இருந்துச்சு."

"எங்க இருந்துச்சு? எனக்கு ஒரு துண்டு வந்துச்சா? கேளுடி அவரை."

கேட்டேன். அப்பாவுக்கு அப்பன்னு பாத்து பாத்ரூம் வந்துடுச்சு.